ஆண்மையை அளக்கும் கோல், செவிலியர் வகுப்பறையில் எங்கே வளைகிறது

"அமெரிக்க ஜனாதிபதி எப்போதும் ஆணாகவே இருக்க வேண்டும்." ஆண்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சமூகம் வகுத்த நெறிகளை ஒருவர் எவ்வளவு ஏற்கிறார் என்று அளக்க, அமெரிக்க உளவியலாளர் ரொனால்ட் லெவன்ட்டும் அவர் குழுவினரும் 2013இல் வெளியிட்ட சுருக்க அளவுகோலில் இப்படியொரு கூற்று இருக்கிறது. மொத்தம் 21 கூற்றுகள். ஒவ்வொன்றையும் 1 (முற்றிலும் மறுக்கிறேன்) முதல் 7 (முற்றிலும் ஏற்கிறேன்) வரை மதிப்பிட வேண்டும்.

இதை ஒரு நர்சிங் கல்லூரியில் தமிழில் கொடுத்து, வேறு நாட்டு மாணவர்களின் விடைகளோடு ஒப்பிட வேண்டும் என்றால் 'ஜனாதிபதி' இருக்கும் இடத்தில் யாரை வைப்பது? இந்தியாவில் பிரதமர் என்று வைத்தால், இந்திரா காந்தி 1966லேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதலமைச்சர் என்றால் ஜெயலலிதா நினைவுக்கு வருவார். இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்க 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரானார். அமெரிக்காவில் இதுவரை எந்தப் பெண்ணும் ஜனாதிபதியானதில்லை. ஆகவே அங்கே அந்தக் கூற்றை மறுப்பது ஒரு நிலைப்பாடு. இங்கே மறுப்பது வரலாற்றைச் சொல்வது. 'முதலமைச்சர் பெண்ணாக இருக்கலாம், ஆனால் வீட்டில் கடைசி வார்த்தை கணவனுடையது' என்று ஒரே மூச்சில் சொல்பவர்கள் நம்மிடையே ஏராளம். இரண்டு நாட்டு மாணவிகளும் 1 என்று வட்டமிட்டால், இரண்டு தாளிலும் இருப்பது ஒரே எண்தான், ஒரே நம்பிக்கை அல்ல.

செவிலியர் கல்வியில் இதை ஏன் அளக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. நெஞ்சுவலியை 'ஒன்றுமில்லை' என்று தள்ளிப்போட்டுவிட்டு வரும் ஆண் நோயாளியையும், 'வழுக்கி விழுந்துவிட்டேன்' என்று சொல்லும் அடிபட்ட மனைவியையும் வார்டில் முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் செவிலியர்தான். ஆண் வலியைத் தாங்கத்தான் வேண்டும் என்று நம்பும் செவிலியர் வலி மதிப்பெண்ணைக் குறைத்து எழுதக்கூடும். அடி வாங்குவது குடும்ப விஷயம் என்று நம்புகிறவர் அடுத்த கேள்வியைக் கேட்காமல் போகக்கூடும்.

தொழிலுக்குள்ளேயே இந்த நம்பிக்கைகளுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. துருக்கியில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி செவிலியர் என்றால் பெண்தான். 2007இல் திருத்தம் வந்த பிறகே ஆண்களுக்குக் கதவு திறந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பியில், பெண்களுக்கான அரசுப் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பள்ளி ஓர் ஆணைச் சேர்க்க மறுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1982இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஜப்பான் 2002இல் செவிலியரைக் குறிக்கும் சொல்லையே ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக மாற்றியது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் 'சிஸ்டர்' என்ற பழைய அழைப்புக்குப் பக்கத்தில் 'பிரதர்' வந்து நின்றுகொண்டது.

அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. இத்துறையில் இரண்டு வகைக் கோல்கள் உண்டு. 'ஆண்கள் இப்படி இருக்க வேண்டும்' என்ற நெறியை நீங்கள் ஏற்கிறீர்களா என்று கேட்பது ஒன்று. தாம்சனும் ப்ளெக்கும் 1986இல் உருவாக்கிய 26 கூற்றுகளும், லெவன்ட் குழுவினர் 1992இல் வெளியிட்ட 57 கூற்றுகளும், அதன் 21 கூற்றுச் சுருக்கமும் இந்த வகை. 'நான் என் உணர்ச்சிகளை வெளியே காட்டுவதில்லை' என்பதுபோல, பதில் சொல்பவர் தானே அந்த நெறிப்படி நடக்கிறாரா என்று கேட்பது மற்றொன்று. மஹாலிக் குழுவினர் 2003இல் வெளியிட்ட 94 கூற்றுகள் இதற்கு உதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கைப்படி உலகச் செவிலியர்களில் சுமார் 90 சதவீதம் பெண்கள். பெண்களே நிறைந்த வகுப்பில் இரண்டாவது வகையைக் கொடுத்தால், கிடைப்பது அவர்களுடைய சுபாவம் பற்றிய தகவல்; ஆண்களைப் பற்றிய அவர்களுடைய நம்பிக்கை அல்ல. தலைப்பில் 'ஆண்மை' என்ற சொல் இருந்தால் போதும் என்று கோலை எடுத்துக்கொள்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

இவற்றோடு, ஆண்-பெண் சமத்துவத்தை ஆண்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று அளக்கும் 'ஜெம்' என்ற கோலையும் சொல்ல வேண்டும். ஜூலி புலெர்விட்ஸும் கேரி பார்க்கரும் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 15 முதல் 60 வயதுவரையான 742 ஆண்களிடம் சோதித்து 2008இல் வெளியிட்டது. 24 கூற்றுகள், பதில் மூன்றே மூன்று: ஏற்கிறேன், ஓரளவு ஏற்கிறேன், மறுக்கிறேன். மனைவியை அடிப்பது, கருத்தடை யார் பொறுப்பு, குழந்தையைக் குளிப்பாட்டுவது யார் வேலை என்று நேரடியாகக் கேட்கும். இதன் ஒரு வடிவத்தை மும்பையிலும் கோரக்பூரிலும் இளைஞர்களிடம் பயன்படுத்தியிருக்கிறார்கள். 'கேடு தரும்' நம்பிக்கைகளை மட்டும் தேடுகிறவர்களுக்கு ஜெம் பொருத்தமானது. லெவன்ட் கோலின் ஏழு பிரிவுகளில் சிலவற்றைக் கேடு என்று சொல்வதே கடினம். வீட்டில் பழுதானதைத் தானே சரிசெய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. இதில் என்ன கேடு? அதோடு, ஒரு போன் போட்டால் எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் வந்துவிடும் ஊரில், ஸ்பேனரைக் கையில் எடுப்பது நடுத்தர வர்க்க ஆண்மையின் அடையாளமே இல்லை. கையில் கிரீஸ் படாமல் இருப்பதுதான் இங்கே கௌரவம். எல்லாப் பிரிவுகளையும் கூட்டி ஒரே மொத்த மதிப்பெண் தரும் கட்டுரைகள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றன. ஆதிக்கம், உணர்ச்சி அடக்கம், பெண்மைத் தவிர்ப்பு என்று பிரிவுவாரியாகத்தான் எண்களைத் தர வேண்டும்.

தமிழில் கோலின் தலைப்பே ஒரு பிரச்சினை. 'ஆண்மை' என்று தாளின் மேல் அச்சடித்தால் மாணவர்களின் மனதுக்கு வருவது சுவரொட்டிகளில் பார்த்த 'ஆண்மைக் குறைவு' விளம்பரம். இன்னொரு பக்கம் வள்ளுவர் பிறன்மனை நோக்காமையைப் 'பேராண்மை' என்கிறார். பெண் விடுதலைக்கு 'ஆண்மை' அழிய வேண்டும் என்று எழுதினார் பெரியார். ஒரே சொல்லில் வீரமும் ஒழுக்கமும் ஆதிக்கமும் மருந்துக்கடையும் இருக்கின்றன. 'ஆண்களின் பங்கு பற்றிய கருத்துகள்' என்று சப்பென்று ஒரு தலைப்பு வைப்பது நல்லது. நாட்டைப் பொறுத்து 'செவிலியர்' என்பதும் மாறும். இலங்கை, மலேசியத் தமிழர்களுக்கு அது 'தாதியர்'.

மொழிபெயர்ப்புக்கு பீட்டன் குழுவினர் 2000இல் வகுத்த முறையைப் பெரும்பாலானோர் பின்பற்றுகிறார்கள். இருவர் தனித்தனியே தமிழாக்குவார்கள். அவர்களில் ஒருவருக்கு இந்தக் கருத்தாக்கம் தெரிந்திருக்கும், மற்றவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிய பிறகு, மூலத்தைப் பார்க்காத இருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவார்கள். பிறகு நிபுணர் குழு, கடைசியில் 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை.

இதில் மறுமொழியாக்கத்தை மட்டும் செய்துவிட்டுத் திருப்தி அடைவதுதான் வழக்கமான கோளாறு. சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான தமிழ்தான் மறுமொழியாக்கத்தில் மிக நன்றாகத் தேறும் என்பது வேடிக்கை. உணர்ச்சிக் கொந்தளிப்பான நேரத்தில் ஆண்கள் பற்றற்று இருக்க வேண்டும் என்ற பொருளில் லெவன்ட் கோலில் ஒரு கூற்று உண்டு. இதை 'ஆண்கள் விலகி நிற்க வேண்டும்' என்று பெயர்த்தால், ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது மூலம் அப்படியே வந்துவிடும். படிக்கும் தமிழ் மாணவிக்கோ, சண்டை நடக்கும் இடத்தைவிட்டு ஆண்கள் ஒதுங்கிப் போக வேண்டும் என்று தோன்றும். நல்ல யோசனைதான் என்று 6 போடுவார்.

அந்தக் கூற்றைச் சரியாகவே பெயர்த்தாலும் நர்சிங் மாணவர்களிடம் அது வேறு விதமாக வளைகிறது. மாரடைப்பு வந்தவர் முன்னால் பதறாமல் இருப்பது, ரத்தத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருப்பது, உறவினர் கதறும்போது தாங்களும் அழுதுவிடாமல் இருப்பது எல்லாம் இவர்களுக்கு முதலாண்டிலிருந்து சொல்லித் தரப்படும் தொழில் ஒழுக்கம். 'நெருக்கடியில் உணர்ச்சிவசப்படக் கூடாது' என்ற கூற்றை ஏற்கும் மாணவி ஆண்களைப் பற்றிப் பேசவில்லை, ஐசியூவைப் பற்றிப் பேசுகிறார். நான்காம் ஆண்டு மாணவர்களின் 'உணர்ச்சி அடக்கம்' மதிப்பெண் முதலாண்டைவிட அதிகம் என்று ஓர் ஆய்வு கண்டால், படிப்பு அவர்களைப் பிற்போக்காக்கிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டும். அதே கூற்றில் 'ஆண்கள்' என்பதை எடுத்துவிட்டு 'செவிலியர்கள்' என்று போட்டு, ஒரு பாதிப் பேரிடம் கேட்டுப் பார்த்தால் போதும். இரண்டுக்கும் ஒரே மாதிரி பதில் வந்தால், அந்தக் கூற்று பாலினத்தை அளக்கவில்லை.

பாலியல் சிறுபான்மையினர் பற்றிய மூன்று கூற்றுகள் இன்னும் சுவாரசியமானவை. ஒருபால் ஈர்ப்பினர் திருமணம் செய்யக் கூடாது, அவர்களுக்கான மதுக்கூடங்களை மூட வேண்டும், அவர்கள் பொது இடத்தில் முத்தமிடக் கூடாது என்பவை அவை. மதுக்கூடம் என்றாலே மூடச் சொல்பவர்கள் தமிழ்நாட்டில் கட்சி பேதமின்றி இருக்கிறார்கள். பொது இடத்தில் முத்தம் என்றால் ஆணும் பெண்ணும் கொடுத்துக்கொண்டாலே பேருந்து நிலையம் திரும்பிப் பார்க்கும். ஆகவே மூன்றில் இரண்டு கூற்றுகள் மதுவிலக்கையும் பொது நாகரிகத்தையும் அளந்துவிட்டுப் போகின்றன. இந்தியாவில் 2018 செப்டம்பரில், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவு வயதுவந்தோரின் விருப்ப உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. இத்தகைய உறவு குற்றமாக இருக்கும் நாட்டில் இதே தாளைக் கொடுத்தால், உண்மையான பதில் எழுதுவதே சிலருக்கு ஆபத்து. அந்தப் பிரிவை விட்டுவிட்டு மற்ற ஆறையும் பயன்படுத்துவதே நேர்மையான வழி. விட்டதைக் கட்டுரையில் சொல்லிவிட வேண்டும்.

தமிழ் இலக்கணமும் தன் பங்குக்குக் குழப்பும். 'ஆண்கள் அழுவதில்லை' என்பது நடப்பு. 'ஆண்கள் அழக்கூடாது' என்பது நெறி. அவசரத்தில் பெயர்ப்பவர்கள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். நடப்பை ஏற்கும் ஒருவர் நெறியை வெறுக்கலாம். எதிர்மறைக் கூற்றுகள் அதைவிட மோசம். 'ஆண்கள் அழக்கூடாது என்பது தவறு' என்று எழுதி, அதற்கு 'உடன்படவில்லை' என்று ஒரு கட்டம் வைத்தால் மூன்று மறுப்புகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பார்க்க வேண்டும். நாற்பதாவது கேள்வியில் யாரும் அதைச் செய்வதில்லை. ஒத்துப்போகும் கூற்றுகளைக் கணக்குப் போட்டுத் தனித்தனித் தொகுப்புகளாகப் பிரிக்கும் காரணிப் பகுப்பாய்வில் எதிர்மறைக் கூற்றுகள் மட்டும் தனிக் காரணியாகத் திரண்டு நின்றால் அது புதிய கண்டுபிடிப்பு அல்ல, வாக்கிய அமைப்பின் நிழல். 'ஆண்களும் தாராளமாக அழலாம்' என்று நேர்மறையாகவே எழுதிவிட்டு, மதிப்பெண்ணைத் திருப்பிக்கொள்ளலாம்.

நிபுணர் குழுவின் மதிப்பீட்டுக்கு ஓர் எண் உண்டு. ஒவ்வொரு கூற்றும் எவ்வளவு பொருத்தம் என்று நிபுணர்கள் 1 முதல் 4 வரை மதிப்பிட வேண்டும். 3 அல்லது 4 போட்டவர்களின் விகிதமே அந்தக் கூற்றின் உள்ளடக்க ஏற்புக் குறியீடு. ஐந்து பேர்வரை இருந்தால் எல்லோரும் ஏற்க வேண்டும், அதாவது 1.00. ஆறு பேரோ அதற்கு மேலோ என்றால் 0.78 போதும். ஆனால் குழுவில் இருப்பவர்கள் எல்லாம் நர்சிங் பேராசிரியர்களாக இருந்தால், சொல் மாணவர்களுக்குப் புரியுமா என்பதை இந்த எண் சொல்லாது. அதற்குச் சத்தமாக யோசிக்கச் சொல்லும் நேர்காணல் வேண்டும். பத்துப் பதினைந்து மாணவர்களைத் தனித்தனியே உட்காரவைத்து, 'இதைப் படித்ததும் என்ன நினைத்தீர்கள்? யாரை மனதில் வைத்துப் பதில் சொன்னீர்கள்?' என்று கேட்பதுதான் முறை.

'யாரை மனதில் வைத்து' என்ற கேள்வி முக்கியம். வங்கதேசக் கிராமங்களில் மனைவியை அடிப்பது நியாயமா என்ற கேள்வியைச் சிட்னி ஷூலர் குழுவினர் இப்படி ஆராய்ந்தபோது, பெண்கள் பலர் தங்கள் கருத்துக்குப் பதில் ஊர் என்ன நினைக்கும் என்பதைச் சொல்லியிருந்தது தெரியவந்தது. இந்தியாவின் ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில் (2019-21), ஏழு காரணங்களில் ஒன்றுக்காவது மனைவியை அடிப்பது நியாயம் என்று 45 சதவீதப் பெண்களும் 44 சதவீத ஆண்களும் சொன்னார்கள். தெலங்கானாவில் பெண்களில் ஏறத்தாழ 84 சதவீதம், இமாச்சலத்தில் 15 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளியில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு கேள்வியைப் புரிந்துகொண்ட விதம் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் மாநிலங்களைத் தரவரிசைப்படுத்துவது சரியல்ல. ஒவ்வொரு கூற்றையும் இரண்டு முறை கேட்பது ஒரு வழி: 'என் கருத்து', 'என் ஊரில் பெரும்பாலோர் கருத்து'. தாள் இரட்டிப்பாகும் என்பது மட்டுமே தொந்தரவு.

இறக்குமதிக் கோல்களில் இல்லாத விஷயங்களும் உண்டு. தங்கைக்குக் கல்யாணம் முடியாமல் அண்ணன் பண்ணிக்கொள்ளக் கூடாது என்பது, மாமனார் வீட்டில் காட்டும் மாப்பிள்ளை முறுக்கு, கோழையை 'வளையல் போட்டுக்கோ' என்று ஏசுவது. நர்சிங்குக்கு மிக நெருக்கமானது இன்னொன்று: பொண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது. கேரளச் செவிலியர்கள் அமெரிக்கா போனபோது பின்னாலேயே போன கணவர்கள் பலர் குறைந்த வேலைகளில் அமர்ந்தார்கள். இழந்த மதிப்பைத் தேவாலயப் பொறுப்புகளில் தேடிக்கொண்டார்கள் என்பது சமூகவியல் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. 'மனைவியின் சம்பளம் கணவனுடையதைவிட அதிகமாக இருப்பது அவனுக்கு இழுக்கு' என்ற ஒரு கூற்று, ஒருபால் ஈர்ப்பினர் பற்றிய அந்த மூன்று கூற்றுகளைவிட இங்கே அதிகம் சொல்லும்.

தாளை யார் கொடுப்பது, எங்கே கொடுப்பது என்பதும் விடையை மாற்றும். இன்டர்னல் மதிப்பெண் போடும் டியூட்டர் மேசையருகே நின்றால் எல்லோருமே முற்போக்காளர்கள்தான். வெளியாள் ஒருவர் கொடுத்து, மூடிய பெட்டியில் போடச் சொல்ல வேண்டும். அறுபது பேர் வகுப்பில் நாலே ஆண்கள் இருந்தால், பால், வயது, சொந்த மாவட்டம் மூன்றையும் கேட்ட பிறகு 'பெயர் எழுத வேண்டாம்' என்பதற்கு அர்த்தமில்லை. மாவட்டத்தை எடுத்துவிடலாம், வயதை வரம்புகளாகக் கேட்கலாம். நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ளும் போக்கைத் தனியே அளக்க மார்லோ-க்ரௌன் கோலின் 13 கூற்றுச் சுருக்கத்தைச் சேர்ப்பவர்கள் உண்டு. அதையும் தமிழில் முதலில் சோதிக்க வேண்டும் என்பது மறந்துபோகும்.

இனி எண்ணிக்கை. 300 பேர் கொண்ட மாதிரியில் பத்து சதவீதம் ஆண்கள் என்றால் 30 பேர். இருபாலரிடமும் கோல் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று சோதிக்க இது போதாது. ஒவ்வொரு பக்கமும் நூற்றைம்பது பேராவது வேண்டும். பல கல்லூரிகளிலிருந்து ஆண் மாணவர்களை மட்டும் கூடுதலாகச் சேர்க்காமல் முடியாது. நாடுகளை ஒப்பிடும்போது இது பெரிய பொறியாகிறது. ஒரு கற்பனைக் கணக்கு: இரண்டு நாட்டிலும் ஆண்களின் சராசரி 3.5, பெண்களின் சராசரி 2.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாட்டு மாதிரியில் ஆண்கள் 10 சதவீதம் என்றால் மொத்தச் சராசரி 2.6. இரண்டாவது நாட்டில் 40 சதவீதம் என்றால் 2.9. நம்பிக்கையில் கடுகளவு வித்தியாசம்கூட இல்லை, ஆனால் அட்டவணையில் 0.3 வித்தியாசம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஜோர்டான் போல நர்சிங்கில் ஆண்கள் கணிசமாக உள்ள நாட்டை மற்றவற்றோடு ஒப்பிடும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வகுப்பு வகுப்பாகத் தாள் கொடுப்பதற்கும் விலை உண்டு. ஒரே வகுப்பில் படிப்பவர்களின் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். வகுப்புக்கு 50 பேர், வகுப்புக்குள் ஒப்புமை 0.05 என்றால் வடிவமைப்பு விளைவு 1 + 49 × 0.05 = 3.45. அதாவது 600 பேரிடம் கேட்டது, தற்செயலாகத் தேர்ந்த 174 பேரிடம் கேட்டதற்குச் சமம். கல்லூரிகளைக் கூட்டி வகுப்புக்குக் குறைவானவர்களை எடுப்பது எப்போதும் லாபம்.

எல்லாம் முடிந்து தரவு வந்ததும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.8 வந்துவிட்டது என்று கொண்டாடுவார்கள். ஒரு நாட்டுக்குள் கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. நாடுகளை ஒப்பிட மூன்று படிகள் ஏற வேண்டும். கூற்றுகள் இரு நாட்டிலும் ஒரே பிரிவுகளாகத் திரள்கின்றனவா என்பது முதல் படி. ஒவ்வொரு கூற்றும் தன் பிரிவோடு கொண்ட பிணைப்பு சமமா என்பது இரண்டாவது. மூன்றாவது, தொடக்கப்புள்ளி சமமா என்பது. காய்கறிக்கடைத் தராசில் தட்டு காலியாக இருக்கும்போதே முள் சாய்ந்திருந்தால் எப்படியோ, அப்படித்தான் இது. நம்பிக்கை ஒரே அளவு இருந்தும் ஒரு நாட்டார் அந்தக் கூற்றுக்கு மட்டும் எப்போதும் ஒரு புள்ளி கூடுதலாகப் போடுவார்கள். பொதுஇட முத்தம் அப்படிப்பட்டது. ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எதிர்பார்த்த அமைப்பு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சிஎஃப்ஐ என்ற குறியீடு 0.01க்கு மேல் சரியக் கூடாது என்பது செங்கும் ரென்ஸ்வோல்டும் 2002இல் தந்த வரம்பு.

மூன்றாவது படியில்தான் பெரும்பாலும் சறுக்கும். சாய்ந்த கூற்றுகளை மட்டும் விடுவித்துவிட்டு மற்றவற்றை வைத்து ஒப்பிடலாம், ஆனால் பிரிவுக்கு இரண்டு கூற்றாவது சமமாக நிற்க வேண்டும். லெவன்ட் சுருக்கக் கோலில் பிரிவுக்கு மூன்றே கூற்றுகள் என்பதால் ஒன்றைத்தான் விட முடியும். இரண்டு சாய்ந்துவிட்டால் அந்தப் பிரிவில் நாடுகளின் சராசரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. இரண்டாவது படி தேறியிருந்தால் வேறொன்று செய்யலாம். ஆதிக்கப் பிரிவில் மதிப்பெண் கூடும் மாணவர்கள், அடிபட்டு வந்த பெண் பற்றிய மாதிரிக் குறிப்பைப் படித்துவிட்டுத் தனியே விசாரிக்க வேண்டும் என்று எழுதுவது குறைகிறதா என்று ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பார்த்து, அந்தத் தொடர்பின் வலுவை ஒப்பிடலாம். 'எந்த நாட்டு மாணவர்கள் அதிகம் ஆணாதிக்கவாதிகள்' என்ற பட்டியலை மட்டும் கட்டுரையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.